நம்பகமான ஆர்.எல்.: பிஎச்டிக்கு எந்தக் கேள்வியைக் கையில் எடுப்பது?

ஆய்வு இடங்களுக்கான அறிவிப்புகளில் ‘நம்பகமான ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்’ (ஆர்.எல்., அதாவது செய்து பார்த்து, கிடைக்கும் ரிவார்டு புள்ளிகளிலிருந்து நிரல் தானே கற்கும் முறை) என்று தலைப்பு இருந்தால், அதை அப்படியே நம்பி விண்ணப்பித்துவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து தனித்தனி வேலைகள் அடைந்துகிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய கணிதம் வேறு, ஜிபியு கணக்கு வேறு, பொருத்தமான கைடும் வேறு. நான்கைந்து ஆண்டு அதோடுதான் மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்பதால், எந்த நம்பகம் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தும் இவை. ஒரே அல்காரிதத்தை இன்னொரு முறை ஓட்டினால் அதே விடை வருமா? கற்கும்போதும் கற்றபிறகும் ஏஜென்ட், அதாவது கற்கும் நிரல், ஒரு எல்லைக்குள் நிற்குமா? சிமுலேட்டரில் பழகியது, நிஜ உலகம் கொஞ்சம் மாறினாலும் தாங்குமா? புதிதாகச் சோதித்துப் பார்க்க முடியாமல் பழைய பதிவுகள் மட்டும் கையில் இருந்தால், புது பாலிசி (எந்த நிலையில் எதைச் செய்வது என்ற விதி) நல்லதா என்று எப்படிச் சொல்வது? கடைசியாக, நாம் கொடுத்த ரிவார்டுதான் நாம் உண்மையில் விரும்பியதா?

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016இல் ஓப்பன்ஏஐ காட்டிய படகுப் பந்தயம் பலருக்கும் ஞாபகம் இருக்கும். வழியில் உள்ள இலக்குகளை இடித்தால் புள்ளி என்று வைத்திருந்தார்கள். படகு பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஒரு சின்ன வளைவில் சுற்றிச் சுற்றி, மறுபடி முளைக்கும் இலக்குகளை இடித்துக்கொண்டே இருந்தது. மொழி மாதிரிகளுக்கு மனித விருப்பத்தைக் கொண்டு ரிவார்டு கற்பிக்கும் வேலை வந்தபிறகு இந்தக் கேள்விக்குப் பணமும் கூட்டமும் பெரிய நிறுவனங்கள் பக்கம் போய்விட்டன. ஒரு பல்கலைக்கழக லேபில், நாலு ஜிபியுவோடு உட்கார்ந்து அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைப்பது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்ற நான்கில் இடம் இருக்கிறது.

அளப்பதே ஒரு ஆராய்ச்சி

முதல் கேள்வியை ‘அது வெறும் புள்ளியியல்தானே’ என்று ஒதுக்குபவர்கள்தான் அதிகம். என் கணிப்பில் வேலை நிறையவும் போட்டி குறைவாகவும் இருப்பது இங்கேதான்.

மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2018 ஏஏஏஐ மாநாட்டில் ஒரு எளிய சோதனையைக் காட்டியது. அல்காரிதம் டிஆர்பிஓ, சூழல் ஹாஃப்சீட்டா (சிமுலேட்டரில் ஓடப் பழகும் இருகால் உருவம்), ஹைப்பர்பாராமீட்டர்கள் (நாம் முன்கூட்டியே வைக்கும் அமைப்புகள்) எல்லாம் ஒன்றே. மாறியது ரேண்டம் சீட் (தற்செயல் எண்களின் தொடக்க எண்) மட்டும். 10 ஓட்டங்களை ஐந்து ஐந்தாகப் பிரித்து இரண்டு சராசரிக் கோடுகள் வரைந்தார்கள். இரண்டும் வெவ்வேறு அல்காரிதம் என்று யாரும் சத்தியம் செய்யும் அளவுக்கு விலகி நின்றன. அதுவரை மூன்று சீட்டை ஓட்டிவிட்டு ‘எங்கள் முறையே சிறந்தது’ என்று எழுதிய கட்டுரைகளின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2021 நியூரிப்ஸ் மாநாட்டில் சிறந்த கட்டுரை விருதுகளில் ஒன்று இதே பிரச்சினையை எடுத்த கட்டுரைக்குப் போனது. கூகுள் ரிசர்ச், மிலா ஆய்வாளர்கள் எழுதியது. மேல் கால்வாசியையும் கீழ் கால்வாசியையும் தள்ளிவிட்டு நடுப் பாதியின் சராசரியை எடு, அடுக்கு வாரியாக பூட்ஸ்ட்ராப் செய்து (உள்ள ஓட்டங்களிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து) இடைவெளி காட்டு, ஒற்றை எண்ணுக்குப் பதில் முழுப் பரவலையும் வரை என்பதே அதன் சாரம். ‘ரிலையபிள்’ (rliable) என்ற பைத்தான் நூலகமாகவே அது கிடைக்கிறது. பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும் முன் அதைக் கையில் எடுத்துப் பழகாதவர் இந்தத் துறைக்குள் வரத் தயாராகவில்லை என்றே சொல்வேன்.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து சீட்டில் கிடைத்த இறுதி மதிப்பெண்கள் 9000, 8800, 9100, 1200, 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 5800. அந்த 5800க்குப் பக்கத்தில்கூட ஒரு ஓட்டமும் இல்லை. மூன்று கற்றுக்கொண்டன, இரண்டு படுத்துவிட்டன, நடந்தது அவ்வளவுதான். சராசரியும் அதைச் சுற்றிய மங்கலான நிழலும் இந்தச் செய்தியை முழுக்க மறைத்துவிடும். அதற்கு மேல் ஒரு வழக்கமான தப்பு: திட்டப் பிழையை 1.96ஆல் பெருக்கி 95 சதவீத இடைவெளி என்று போடுவது. ஐந்து மாதிரிக்கு டி-பரவலின் பெருக்கி 2.776. அதாவது இடைவெளி 40 சதவீதத்துக்கு மேல் அகலமாக இருந்திருக்க வேண்டும். பத்து சீட்டுக்கு 2.262. இதுவும் மதிப்பெண்கள் ஒரே மேடாகக் குவிந்திருந்தால்தான் பொருந்தும். மேலே பார்த்த மாதிரி இரண்டு மேடாக இருந்தால் டி-யும் கைகொடுக்காது. புள்ளிகளை அப்படியே படத்தில் குத்திக் காட்டிவிடுவதே நேர்மை.

இதே பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அரிதாக நடக்கும் விபத்தை அளப்பது. ஒரு ரோபோ பாலிசியை 300 எபிசோட் (தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு முயற்சி) ஓட்டினீர்கள், ஒருமுறைகூட விழவில்லை. அப்படியானால் விழும் வாய்ப்பு சுழியமா? இல்லை. சோதனைகளின் எண்ணிக்கையால் 3ஐ வகுத்தால் 95 சதவீத உறுதியுடன் கூடிய மேல் எல்லை கிடைக்கும்: 3/300, அதாவது நூற்றுக்கு ஒன்று வரை இருக்கலாம். பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று சொல்ல வேண்டுமானால், ஒரு தோல்வியும் இல்லாமல் 30,000 எபிசோட் ஓட்டியாக வேண்டும். நிஜ ரோபோவில் ஒரு எபிசோட் ஒரு நிமிடம் என்றால் இடைவிடாமல் 500 மணி நேரம். யாரும் செய்ய மாட்டார்கள். அதனால்தான் தோல்வியைத் தேடிப் போகும் முறைகள் வந்தன. ஏகாஸ் எக்ஸ் என்ற விமான மோதல் தவிர்ப்பு முறையைச் சோதிக்க, எந்தச் சூழ்நிலையில் அது தோற்கும் என்று கண்டுபிடிக்கவே இன்னொரு ஆர்.எல். ஏஜென்டைப் பயன்படுத்தினார்கள். தோல்வியைக் கண்டுபிடிப்பது ஒரு பாதி. கண்டுபிடித்த தோல்விகளை வைத்து அதன் வாய்ப்பைச் சாய்வில்லாமல் மதிப்பிடுவது மறு பாதி. இரண்டாவது பாதியில், கேமரா படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பாலிசிகளுக்கு இன்னும் நல்ல விடை இல்லை. ஒரு தீசிஸ் தாராளமாக உட்காரும்.

எல்லைக்குள் நிற்பது

‘சேஃப் ஆர்.எல்.’ என்று விளம்பரம் வந்தால் பெரும்பாலும் இதுதான். கட்டுப்பாடு உள்ள மார்க்கோவ் முடிவுச் செயல்முறை: ரிவார்டை உயர்த்து, ஆனால் செலவு ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஐத்தான் ஆல்ட்மன் 1999இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். விவேக் போர்க்கர் 2005இல் இதற்கு ஆக்டர்-கிரிட்டிக் முறையும் (ஆக்டர் செயலைத் தேர்ந்தெடுக்கும், கிரிட்டிக் அதன் பலனைக் கணிக்கும்) கொடுத்தார். டீப் லேர்னிங்காரர்கள் 2017இல் சிபிஓ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 2019இல் ஓப்பன்ஏஐ ‘சேஃப்டி ஜிம்’ என்ற சோதனைச் சூழல்களை வெளியிட்டபோது ஒரு வேடிக்கை நடந்தது: அந்தச் சோதனைகளில் சிபிஓவைவிட, பழைய லாக்ராஞ்ச் பெருக்கியைச் சேர்த்த சாதாரண பிபிஓ முறையே எல்லையை நன்றாக மதித்தது. பெரிய கோட்பாடு ஓரமாய் நிற்க, பாட்டி வைத்தியம் வேலை செய்த கதை.

ஆனால் அந்தப் பாட்டி வைத்தியத்திலும் பக்குவம் உண்டு. செலவு எல்லையைத் தாண்டினால் லாம்ப்டா, அதாவது அந்தப் பெருக்கி, ஏறும், உள்ளே வந்தால் இறங்கும். லாம்ப்டா பிழையைக் கூட்டிக்கொண்டே போவதால், கன்ட்ரோல் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு உடனே புரியும்: இது வெறும் ‘ஐ’ (இன்டக்ரல், பிழைகளின் கூட்டல்) மட்டும் உள்ள கன்ட்ரோலர். எனவே ஊசலாடும். செலவு எல்லைக்கு மேலே போகும், லாம்ப்டா தாமதமாக ஏறும், ஏஜென்ட் பயந்து அசையாமல் நிற்கும், பிறகு லாம்ப்டா இறங்கும், மறுபடி மீறும். 2020இல் இதற்குப் பி-யும் (அப்போதைய பிழை) டி-யும் (பிழை மாறும் வேகம்) சேர்த்து முழு பிஐடி ஆக்கினார்கள். ஊசல் நன்றாகக் குறைந்தது. நீங்களே எழுதும்போது லாம்ப்டா சுழியத்துக்குக் கீழே போகாமல் வெட்டுங்கள். மொத்த இலக்கை 1+லாம்ப்டாவால் வகுங்கள். இல்லையென்றால் லாம்ப்டா 50ஐத் தொட்டதும் கிரேடியன்ட் (பாலிசியைத் திருத்தும் திசையும் அளவும்) தாறுமாறாகிவிடும். செலவுக்குத் தனி கிரிட்டிக் வையுங்கள்.

இன்னொரு பிழை கண்ணில் படவே படாது. எல்லை 25 என்று சொன்னால், அது 1000 அடி (ஒரு செயல் ஓர் அடி) கொண்ட ஓர் எபிசோடின் மொத்தச் செலவு, தள்ளுபடி கிடையாது. கிரிட்டிக் கணிப்பதோ காமா 0.99 போட்டு, அதாவது ஓர் அடி தள்ளிப் போகும் ஒவ்வொரு முறையும் 0.99ஆல் பெருக்கிக் குறைத்து, தள்ளுபடி செய்த செலவு. 1000 அடிக்கு 25 என்றால் அடிக்கு 0.025, காமா 0.99இல் அது ஏறக்குறைய 2.5 ஆகத்தான் தெரியும். அந்த 2.5ஐ 25ஓடு ஒப்பிட்டால் எல்லை எப்போதும் மதிக்கப்படுவதாகவே கோடு சொல்லும், லாம்ப்டா சுழியத்திலேயே தூங்கும், ஏஜென்ட் இஷ்டத்துக்கு மீறிக்கொண்டிருக்கும். ஒன்று கிரிட்டிக்கை விட்டுவிட்டு நேரே எபிசோட் மொத்தத்தால் லாம்ப்டாவைத் திருத்துங்கள், அல்லது எல்லையையும் அதே தள்ளுபடிக்கு மாற்றுங்கள்.

சரி, 25ஐ மதித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது எபிசோட்களில் செலவு 0, பத்தாவதில் 250. சராசரி 25தான், காகிதத்தில் பாஸ். அந்தப் பத்தாவது எபிசோடில் ரோபோ சுவரை உடைத்துக்கொண்டு போயிருக்கும். சராசரிக்குப் பதிலாக மோசமான 10 சதவீதத்தின் சராசரியை எடுத்தால் 250 என்று பளிச்சென்று தெரியும். இதைத்தான் சிவிஏஆர் என்கிறார்கள். அதைச் சேர்க்கும்போது வரும் விலை என்னவென்றால், கிரேடியன்டுக்குப் பத்தில் ஒரு பங்கு மாதிரிகள்தான் உதவும், இரைச்சல் ஏறும். இந்த அபாய அளவைகளின் கணிதத்தில் ஐஐடி மெட்ராஸின் எல்.ஏ. பிரசாந்த் தொடர்ந்து எழுதிவருகிறார்.

‘கற்கும்போதே ஒரு மீறலும் இல்லாமல்’ என்று வாக்குக் கொடுக்கும் ப்ரபோசல்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். எதுவுமே தெரியாமல் ஆரம்பிக்கும் ஏஜென்டுக்கு நெருப்பு சுடும் என்று தொடாமல் தெரியாது. எங்கிருந்தாவது முன்னறிவு வந்தாக வேண்டும்: தொடக்கத்திலேயே பாதுகாப்பான ஒரு பாலிசி, அல்லது சூழல் சட்டென்று மாறாது என்ற கணித அனுமானம், அல்லது சூழலின் ஒரு சுருக்க மாதிரி. இடிஎச் சூரிக்கில் ஆந்திரியாஸ் கிரவுஸ குழு இரண்டாவது வழியில், காசியன் செயல்முறைகளைக் கொண்டு நெடுநாளாக வேலை செய்கிறது. மூன்றாவது வழிக்கு ‘ஷீல்டிங்’ என்று பெயர். 2018இல் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவும் மற்றவர்களும் முன்வைத்தது. ஏஜென்ட் தேர்ந்தெடுக்கும் செயலை ஒரு காவல்காரன் பார்த்து, விதிக்கு ஒவ்வாததை மாற்றிவிடும். காவல்காரனை உருவாக்கச் சூழலின் மாதிரி வேண்டும். அது எங்கிருந்து வரும் என்று கேட்டால் பல கட்டுரைகள் மௌனம். அந்த மௌனத்தில்தான் உங்கள் தலைப்பு இருக்கலாம்.

மாறும் உலகம், பழைய பதிவு

மாற்றத்தைத் தாங்கும் ஆர்.எல்.லின் வேர் 2005. கருட் ஐயங்கார் ஒரு பக்கமும், அர்னாப் நிலிம், லாரன் எல் கவுயி இருவரும் சேர்ந்து இன்னொரு பக்கமுமாகத் தனித்தனியே, உலகத்தின் நிகழ்தகவுகள் ஒரு தொகுப்புக்குள் எங்கே இருந்தாலும் மோசமானதை எதிர்பார்த்துத் திட்டமிடுவதைக் கணக்காக்கினார்கள். அது கணக்கிட முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு நிலையிலும் உலகம் தனித்தனியே கெடுதல் செய்யலாம் என்ற அனுமானம். அதனாலேயே விடை அளவுக்கு மீறிப் பயந்ததாக வரும். சிமுலேட்டரில் உராய்வையும் எடையையும் மாற்றி மாற்றிப் பழக்குவது நடைமுறையில் இதன் மலிவுப் பதிப்பு. 2022இல் டீப்மைண்டும் இபிஎஃப்எல் சுவிஸ் பிளாஸ்மா மையமும் டோகமாக் என்ற அணு இணைவுக் கருவியில் பிளாஸ்மாவை ஆர்.எல். மூலம் கட்டுப்படுத்தியபோது இன்னொரு உத்தியைக் கையாண்டார்கள்: சிமுலேட்டர் பொய் சொல்லும் பகுதிகள் எவை என்று இயற்பியலாளர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் போனால் ரிவார்டு குறையும், எபிசோட் முடிந்துவிடும். தன் மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது எல்லாத் துறைக்கும் கிடைக்கும் வசதி இல்லை.

பழைய பதிவுகளை மட்டும் வைத்துப் புது பாலிசியை மதிப்பிடுவதில் பொறி வேறு மாதிரி. பதிவுகளை எடுத்த பாலிசிக்கும் புதியதற்கும் உள்ள நிகழ்தகவு விகிதத்தை ஒவ்வொரு அடியிலும் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஓர் அடிக்கு 1.1 என்றால் ஒன்றும் பெரிதில்லை போலத் தோன்றும். 100 அடியில் அது 13,780 ஆகிவிடும். 0.9 என்றால் அதே 100 அடியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆயிரம் பதிவுகளில் ஒன்றிரண்டே மொத்த விடையையும் தீர்மானிக்கும்.

மருத்துவத்தில் இது வெறும் கணிதச் சங்கடத்தோடு நிற்பதில்லை. 2018இல் நேச்சர் மெடிசினில் வந்த ‘ஏஐ கிளினிஷியன்’ ஆய்வு, ஐசியுவில் உள்ள செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளிகளுக்கு திரவமும் ரத்த அழுத்த மருந்தும் எவ்வளவு என்று சொல்லக் கற்றது: நான்கு மணி நேரத்துக்கு ஒரு முடிவு, 750 நிலைகள், 25 செயல்கள். இப்படிப்பட்ட பாலிசி ஒவ்வொரு முடிவிலும் மருத்துவரோடு பாதிக்குப் பாதி ஒத்துப்போகிறது என்றே வையுங்கள். 15 முடிவுகள் முழுக்க ஒத்துப்போகும் நோயாளி 32,768இல் ஒருவர். அப்படிப்பட்ட ஒரு சிலரை வைத்துத்தான் ‘இந்தப் பாலிசி உயிர் காக்கும்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டே அதே இதழில், இத்தகைய ஆய்வுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் வந்தது. அதில் பயனுள்ள மாதிரி எண்ணிக்கையைப் பாருங்கள் என்ற எச்சரிக்கை முக்கியமானது. எடைகளின் (மேலே சொன்ன விகிதப் பெருக்கங்களின்) கூட்டுத்தொகையின் வர்க்கத்தை, எடைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். ஓராயிரம் நோயாளிக்கு அது 7 என்று வந்தால் கட்டுரையை மூடி வைத்துவிடலாம். நோயாளியின் முகத்தைப் பார்த்து மருத்துவர் எடுத்த முடிவுக்கான காரணம் பதிவில் இல்லாமலிருப்பது தனித் தலைவலி. அதற்குக் காரண-விளைவு ஆய்வின் கருவிகள் வேண்டும். புள்ளியியல் பின்னணியோடு வருகிறவர்களுக்கு இந்த வழி நல்ல வாசல்.

ஒரு வரி கெடுக்கும் வேலை

எந்தக் கேள்வியை எடுத்தாலும் முதல் ஆறு மாதம் நிரலோடுதான். அதில் ஒரே ஒரு இடத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஹாஃப்சீட்டா சூழலில் ஏஜென்ட் விழுந்து முடிவது என்பதே கிடையாது. 1000 அடி ஆனதும் கடிகாரம் நிறுத்திவிடும். இத்தகைய சூழல்களைத் தரும் பழைய ஜிம் நூலகம், விழுந்து முடிவதற்கும் நேரம் முடிவதற்கும் ‘டன்’ என்ற ஒரே கொடியைத் தந்தது. நிரல் அதைப் பார்த்து ‘இதற்குப் பின் எதிர்காலம் இல்லை’ என்று மதிப்பைச் சுழியமாக்கும். அடிக்கு ரிவார்டு 1, காமா 0.99 என்றால் உண்மையான மதிப்பு 100. நேரம் முடிந்த இடத்தில் மட்டும் அது 1 என்று கற்பிக்கப்படுகிறது. ஏஜென்டுக்குக் கடிகாரம் தெரியாததால், அதே நிலை ஒருமுறை 100, ஒருமுறை 1 என்று கிரிட்டிக்கைக் குழப்பும். 2022இல் ஜிம் 0.26 பதிப்பு இதை ‘டெர்மினேட்டட்’, ‘ட்ரன்கேட்டட்’ என்று இரண்டாகப் பிரித்தது. இப்போதுள்ள ஜிம்னேசியமும் அப்படியே. முதலாவதில் மட்டும் சுழியம், இரண்டாவதில் அடுத்த நிலையின் மதிப்பைச் சேர்க்க வேண்டும். அங்கேயும் ஒரு குழி: பல சூழல்களை இணையாக ஓட்டும்போது சூழல் அதே அடியில் தானாக ரீசெட் ஆகிவிட்டால், ‘அடுத்த நிலை’ என்று கையில் வருவது புது எபிசோடின் முதல் காட்சி. பழைய எபிசோடின் கடைசிக் காட்சி தகவல் அகராதிக்குள் ஒளிந்திருக்கும். அதைத் தோண்டி எடுக்க வேண்டும்.

பாதுகாப்பு ஆய்வில் இதன் மறுபக்கம் வரும். மீறினால் எபிசோட் முடியும் என்று வைத்து, அடிக்கு ரிவார்டு மைனஸ் ஒன்றாக இருந்தால், ஏஜென்ட் வேண்டுமென்றே மீறி முடித்துக்கொள்ளும். நீண்டு துன்பப்படுவதைவிடச் சீக்கிரம் முடிவதே அதற்கு லாபம்.

அடிப்படை முறைகளை நீங்களாக எழுதும்முன் கிளீன்ஆர்.எல். மாதிரி, ஒரு முறைக்கு ஒரே கோப்பு என்று எழுதப்பட்ட நிரலை வரிவரியாகப் படியுங்கள். பிபிஓ டிஆர்பிஓவை வெல்வதற்கு அதன் கோட்பாட்டைவிட நிரலில் சத்தமில்லாமல் செய்யும் சில்லறை வேலைகளே பெரிய காரணம் என்று 2020இல் ஐசிஎல்ஆர் மாநாட்டில் காட்டிவிட்டார்கள்.

கணினிக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். எஸ்ஏசி மாதிரி ஒரு முறை 10 லட்சம் அடிக்கு 3 மணி நேரம் எடுக்கிறது என்போம். 5 சூழல், 4 முறை, 10 சீட்: 200 ஓட்டம், 600 மணி நேரம், ஒரு ஜிபியுவில் 25 நாள். ஒவ்வொரு சூழலிலும் ஒவ்வொரு முறைக்கும் 20 ஹைப்பர்பாராமீட்டர் அமைப்புகளை 3 சீட்டில் தேடினால் அது மட்டும் 1200 ஓட்டம், 150 நாள். தேடலுக்குப் பயன்படுத்திய சீட்டுகளையே கடைசி முடிவுக்கும் காட்டக் கூடாது. போட்டி முறைக்கும் அதே அளவு தேடல் கொடுக்க வேண்டும். நெட்வொர்க் சின்னது என்பதால் ஒரே ஜிபியுவில் மூன்று நான்கு ஓட்டங்களைச் சேர்த்து ஏற்றலாம்; அப்போது மாட்டிக்கொள்வது சிபியு கோர்கள்தான், ஏனென்றால் முஜோகோ சிமுலேட்டர் அங்கே ஓடுகிறது. எம்ஜேஎக்ஸ், பிராக்ஸ் போன்றவை சிமுலேட்டரையே ஜிபியுவுக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் இணையாக ஓட்டுகின்றன. சீட் குறைவு என்ற சாக்கு இதனால் மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது.

எங்கே, எவ்வளவு, எப்போது

இந்தியாவில் கோட்பாட்டுப் பக்கம் வலுவானது. ஐஐஎஸ்சியில் ஷலப் பட்நாகர், ஐஐடி மெட்ராஸில் பி. ரவீந்திரனும் பிரசாந்தும். ரவீந்திரன், கணினித் துறையின் 2024ஆம் ஆண்டு டூரிங் விருதை ரிச்சர்ட் சட்டனோடு பகிர்ந்த ஆண்ட்ரூ பார்ட்டோவின் மாணவர். ஸ்டொக்காஸ்டிக் அப்ராக்சிமேஷன், இரண்டு வேகத்தில் நகரும் அல்காரிதங்கள், மார்ட்டிங்கேல் இவற்றில் பயம் தெளியாமல் இந்த நேர்முகங்களுக்குப் போகாதீர்கள். கேள்வி பெரும்பாலும் நிகழ்தகவிலும் லீனியர் அல்ஜீப்ராவிலும்தான் வரும், டீப் லேர்னிங்கில் அல்ல. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் எஸ்ஆர்எஃப் 42,000, வீட்டு வாடகைப் படி தனி.

வெளியே என்றால் கேள்வியை வைத்து ஊரைத் தேடுங்கள். சரிபார்ப்பு, ஷீல்டிங் வகைக்கு கிராட்ஸ், நெதர்லாந்தின் ராட்பவுட், டெல்ஃப்ட். உயர் உறுதியோடு பழைய பதிவுகளை மதிப்பிட மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பிலிப் தாமஸ், ஸ்டான்ஃபோர்டில் எம்மா பிரன்ஸ்கில். சோதனை முறையைச் சீர்செய்வதில் ஆல்பெர்ட்டா. நெதர்லாந்தில் பிஎச்டி மாணவர் என்பது நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர். முதல் ஆண்டு முடிவில் தொடரலாமா கூடாதா என்று தீர்ப்பு வரும். ஜெர்மனியில் டிவி-எல் 13 சம்பளப் படி, ஆனால் அது முழு வேலையா, முக்கால் வேலையா என்று அறிவிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். இரண்டு நாட்டிலும் மாஸ்டர்ஸ் பட்டம் எதிர்பார்ப்பார்கள். அமெரிக்காவில் பி.டெக். முடித்து நேரே போகலாம்; விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதி, நிதியோடு வந்த அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15. பிரிட்டனில் யுகேஆர்ஐ என்ற அரசு அமைப்பின் ஆய்வு நிதியில் ஒரு சுற்றில் 30 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கூடாது என்ற உச்சவரம்பு இருப்பதால், கெடுவுக்குக் காத்திராமல் முன்கூட்டியே எழுதுங்கள். எல்லிஸ் என்ற ஐரோப்பிய பிஎச்டி திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு கைடு, பெரும்பாலும் வேறு நாட்டில் குறைந்தது ஆறு மாதம்.

ஐரோப்பிய இடங்கள் பல ஒரு குறிப்பிட்ட ப்ராஜெக்டின் நிதியில் வருபவை. நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்பதைவிட அந்த ப்ராஜெக்ட் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதே உங்கள் முதல் இரண்டு ஆண்டைத் தீர்மானிக்கும். நேர்முகத்தில் தயங்காமல் கேளுங்கள்: நிதி எந்த மாதம் முடிகிறது, அதற்குப்பின் யார் பொறுப்பு, மாணவருக்கு எத்தனை ஜிபியு, க்யூவில் சராசரி காத்திருப்பு எவ்வளவு, நிஜ ரோபோவோ மருத்துவமனைத் தரவோ என்றால் அனுமதி ஏற்கெனவே வந்துவிட்டதா, இனிமேல்தானா. ‘வந்துவிடும்’ என்று பதில் வந்தால் ஒரு ஆண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த லேபில் அண்மையில் முடித்த மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள். கைடு சொல்லாதது அங்கேதான் வரும்.

கைடுக்கு எழுதும் மின்னஞ்சல் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். ‘உங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது’ என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் தினமும் வருகின்றன. அதற்குப் பதில் அவர்களுடைய கட்டுரை ஒன்றின் நிரலை இறக்கி, அவர்கள் 5 சீட்டில் காட்டிய ஒரே ஒரு படத்தை 20 சீட்டில் திரும்ப வரையுங்கள். ஒத்துவந்தால் அதைச் சொல்லுங்கள். வராவிட்டால் எந்த நூலகப் பதிப்பு, எந்தச் சூழல் பதிப்பு, எத்தனை ஓட்டம் படுத்தது என்று குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் எழுதுங்கள். ஹாஃப்சீட்டா மாதிரி சூழல் ஒன்றுக்கு 20 ஓட்டம் என்பது மேலே போட்ட கணக்குப்படி 60 மணி நேரம். மூன்று ஓட்டங்களைச் சேர்த்து ஏற்ற முடிந்தால் ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிடும். படத்தில் சராசரிக் கோட்டோடு 20 ஓட்டங்களையும் மெல்லிய கோடுகளாக விட்டுவையுங்கள். படுத்துப்போன இரண்டு மூன்று கோடுகளைப் பற்றித்தான் பதில் வரும்.